செட்டிநாட்டு வீட்டு ரவுட்டர்ல நாமளே விபிஎன் போடுறது: முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்னு நம்ம பக்கம் நெறைய பெரிய வீடுகளோட நிலைமை ஒண்ணுதான். வீடு இங்க, ஆளுங்க சென்னைலயோ சிங்கப்பூர்லயோ கோலாலம்பூர்லயோ. முன்னோருக்கு பண்ற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து தொறக்கறதோட சரி, மத்த நாள்ல பாத்துக்கறதுக்கு ஒரு அண்ணன், கூட நாலஞ்சு கேமரா, அத பதிவு பண்ற ஒரு டிவிஆர் பொட்டி. அந்த டிவிஆர் மாட்டுனவரு ரவுட்டர்ல ஒரு போர்ட்ட, அதாவது வெளி நெட்லேர்ந்து உள்ள வர்ற ஒரு வாசல, தொறந்து விட்டுட்டு "இனிமே எங்கேர்ந்து வேணாலும் பாக்கலாம்ணே"ன்னு சொல்லிட்டு போயிருப்பாரு. அவரு சொன்னது நெசந்தான், யாரு வேணாலும் பாக்கலாம்ங்கறத மட்டும் சொல்லாம விட்டுட்டாரு.

37777, 8000, 554 இதெல்லாம் டிவிஆர்ல வழக்கமா வர்ற போர்ட் நம்பருங்க. உலகம் பூரா இருக்குற ஐபி அட்ரஸ (நெட்ல ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் இருக்குற நம்பர) வரிசையா தட்டிப் பாத்து இந்த போர்ட் எங்க தொறந்திருக்குன்னு தேடுற புரோகிராமுங்க ராப்பகலா ஓடிக்கிட்டே இருக்கு, பள்ளத்தூர் வீடுன்னு அதுக்கு தெரியாது, தெரியவும் வேணாம். 2016ல வந்த மிராய்ங்கற வைரஸ் இப்படித்தான் கம்பெனி குடுத்த யூசர்நேம் பாஸ்வேர்ட மாத்தாம வச்சிருந்த கேமரா, டிவிஆருங்கள மொத்தமா புடிச்சு, அந்த வருஷம் அக்டோபர் 21ஆம் தேதி வெப்சைட் பேர ஐபி நம்பரா மாத்திக் குடுக்குற டிஎன்எஸ் வேலை பாத்த டைன்ங்கற கம்பெனி மேல ஏவி விட்டுச்சு, ட்விட்டர் நெட்ஃப்ளிக்ஸ்லாம் பல ஊர்ல திறக்கல. அதனால டிவிஆர் போர்ட்ட மூடிட்டு, ரவுட்டர்ல விபிஎன்னுக்குன்னு, அதாவது நெட் வழியா வீட்டுக்குள்ள போற பூட்டுன தனி வழிக்குன்னு, ஒரே ஒரு போர்ட்ட மட்டும் வச்சு, சாவி இருக்குறவங்க மட்டும் உள்ள வர்ற மாதிரி பண்றதுதான் இங்க நாம பாக்கப் போறது.

விபிஎன்னு சொன்னதும் மாசம் இவ்வளவுன்னு காசு கட்டற ஆப்ப நெனைச்சுக்காதீங்க. அது உங்க டிராஃபிக்க அவங்க சர்வர் வழியா கொண்டு போறது, இது உங்க வீட்டு ரவுட்டரே சர்வரா ஆகறது, மாச வாடகை கிடையாது. 2022 ஏப்ரல்ல மத்திய அரசோட இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு இருக்கே, வாடிக்கையாளர் விவரத்த 5 வருஷம் வச்சிருக்கணும்னு, சில வெளிநாட்டு கம்பெனிங்க இந்தியாவுல இருந்த சர்வர எடுத்துட்டு கூட போனாங்களே, அது சேவை விக்கிற கம்பெனிகளுக்கு. சொந்த வீட்டுக்கு நாமளே போட்டுக்கறது வேற விஷயம். துபாய் பக்கம் இருக்குறவங்க மட்டும் அந்த ஊரு சட்டத்த ஒரு தடவை பாத்துக்கங்க, அங்க விபிஎன்னுக்கு தனியா கெடுபிடி இருக்கு.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி: பப்ளிக் ஐபி இருக்கா?

இத பாக்காம ரவுட்டர் வாங்கிடாதீங்க, மொத்த வேலையும் இதுலதான் நிக்குது. ரவுட்டர் அட்மின் பக்கத்துக்குள்ள போய் ஸ்டேட்டஸ்ல வான் ஐபின்னு (WAN, வெளி நெட் பக்கத்து நம்பர்) ஒண்ணு இருக்கும், அத குறிச்சுக்கங்க. அப்புறம் அதே வைஃபைல பிரவுசர தொறந்து என்னோட ஐபி என்னன்னு தேடுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா உங்களுக்கு பப்ளிக் ஐபி, அதாவது வெளியேர்ந்து நேரா கூப்பிடக்கூடிய நம்பர் இருக்கு, நேரா அடுத்த கட்டத்துக்கு போகலாம்.

வான் ஐபி 100.64லேர்ந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா அது சிஜிநாட். நெட்காரங்க ஒரே பப்ளிக் ஐபிய ஏகப்பட்ட வீட்டுக்கு பங்கு போட்டு குடுத்திருக்காங்கன்னு அர்த்தம், ஐபிவி4ங்கற பழைய முறை அட்ரஸ் பத்தாததுனால வந்த ஏற்பாடு, இதுக்குன்னே 2012ல அந்த நம்பர் வரிசைய ஒதுக்கினாங்க. இதுல வெளியேர்ந்து யாரும் உங்க ரவுட்டரக் கூப்பிட முடியாது, நீங்க என்ன போர்ட் தொறந்தாலும் பிரயோஜனம் இல்ல. சில இடத்துல 10ல ஆரம்பிக்கிற ஐபியும் குடுப்பாங்க, அதுவும் இதே கதைதான்.

192.168ன்னு வந்தா கொஞ்சம் பொறுங்க, அது சிஜிநாட்டா இல்லாமலும் இருக்கலாம். ஃபைபர் பொட்டி, அதாவது ஓஎன்டி, அதுவே ஒரு ரவுட்டரா ஓடிக்கிட்டு இருக்கு, அதுக்கு பின்னாடி உங்க ரவுட்டர் இருக்கு. ஓஎன்டியோட பக்கத்துல போய் அதோட வான் ஐபிய பாருங்க. அங்க பப்ளிக் ஐபி இருந்தா ரெண்டு வழி: ஓஎன்டிய பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலைய விட்டுட்டு லைன மட்டும் கடத்துற நிலைக்கு) மாத்தச் சொல்லி, நெட் லாகினான பிபிபிஓஇ யூசர்நேம் பாஸ்வேர்ட வாங்கி உங்க ரவுட்டர்ல போடுறது, இல்லாட்டி ஓஎன்டிலேர்ந்து நாம போடப் போற விபிஎன்னோட 51820 யூடிபி போர்ட்ட மட்டும் உங்க ரவுட்டருக்கு திருப்பி விடுறது. என்ன கேட்டா பிரிட்ஜ்தான், ரெண்டு எடத்துல ரூல் வச்சுக்கிட்டு அப்புறம் எது தடுக்குதுன்னு தேடுறது பெரிய ரோதனை.

சிஜிநாட்டுன்னா என்ன பண்றது? ஒண்ணு, கஸ்டமர் கேர்ல ஸ்டாடிக் (மாறாத) ஐபி கேளுங்க, வருஷத்துக்கோ மாசத்துக்கோ தனியா காசு வாங்குவாங்க. ரெண்டு, ஐபிவி6ங்கற புது முறை அட்ரஸ் வருதான்னு பாருங்க, வந்தா அது நேரடியான அட்ரஸ், ஆனா நீங்க இருக்குற ஊர்லயும் போன்ல ஐபிவி6 இருந்தாத்தான் கூப்பிட முடியும். மூணு, டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒண்ணு, உள்ள ஓடுறது நாம கீழ போடப் போற வயர்கார்டுங்கற விபிஎன் முறைதான், ரெண்டு பக்கமும் வெளிய நோக்கி கூப்பிட்டு நடுவுல சந்திச்சுக்கறதுனால சிஜிநாட் தடுக்காது. வீட்டுல ஒரு சின்ன கம்ப்யூட்டரோ ராஸ்பெரி பையோ எப்பவும் ஓடணும், அதுல சப்நெட் ரவுட்டர்னு, வீட்டுல இருக்குற மத்த பொட்டிங்களுக்கும் வழி விடுற ஒரு வசதிய ஆன் பண்ணி, அட்மின் பக்கத்துல அந்த ரூட்டுக்கு அப்ரூவல் குடுக்கணும். அப்ரூவல் குடுக்காம விட்டுட்டு ஏன் டிவிஆர் வரலன்னு உக்காந்திருக்கறது ரொம்ப சகஜம். யாரு உள்ள வரலாம்ங்கற கணக்கு மட்டும் அந்த கம்பெனிகிட்ட இருக்கும், அது பரவால்லன்னா இதான் சுலபம்.

எந்த ரவுட்டர், எந்த புரோட்டோகால்

வயர்கார்டு. வேற யோசனை வேணாம். பிபிடிபின்னு ஒரு ஆப்ஷன் பழைய ரவுட்டர்ல இருக்கும், அதோட பாஸ்வேர்ட் முறைய 2012லயே ஒடச்சு காமிச்சிட்டாங்க, தொடாதீங்க. ஓப்பன்விபிஎன் நல்லதுதான், ஆனா சின்ன ரவுட்டர்ல மெதுவா ஓடும், செட்டிங்கும் ஜாஸ்தி. வயர்கார்டு 2020 மார்ச்ல லினக்ஸ் கெர்னல் 5.6லேயே சேந்துருச்சு. எனக்கு இதுல ரொம்ப புடிச்ச விஷயம், சரியான சாவி இல்லாம வந்து தட்டுனா பதிலே சொல்லாது, அப்படி ஒரு போர்ட் இருக்குன்னே தட்டுறவனுக்கு தெரியாது.

ஓபன்டபிள்யூஆர்டிங்கற இலவச ரவுட்டர் சாஃப்ட்வேர் ஓடுற ரவுட்டர், ஜிஎல்ஐநெட், ஆசுஸ்ல புது மாடலுங்க, டிபி-லிங்க்ல சில மாடல், மைக்ரோடிக் ரவுட்டர்ஓஎஸ் 7 இதுலல்லாம் வயர்கார்டு இருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி விபிஎன் சர்வர்னு போட்டிருக்கான்னு பாருங்க, கிளையன்ட்னு மட்டும் இருந்தா நமக்கு உதவாது. கீழ நான் சொல்றது ஓபன்டபிள்யூஆர்டியோட லூசிங்கற செட்டிங் பக்கத்த வச்சு, மத்ததுல பேருங்க மாறும், போட வேண்டிய விஷயம் அதேதான்.

வைக்கிற எடமும் முக்கியம். முகப்புல ரவுட்டர வச்சா ரெண்டாங்கட்டுலயே சிக்னல் செத்துரும், அந்தக் காலத்து சுவரு அப்படி. முன்தெருவுல ஆரம்பிச்சு பின்தெரு வரைக்கும் போற வீட்டுல வைஃபைய நம்பாதீங்க, டிவிஆருக்கு கண்டிப்பா லேன் கேபிள் இழுங்க, ஒரே கேபிளா 100 மீட்டர் வரைக்கும் போகலாம். சுண்ணாம்புப் பூச்சுலயும் ஆத்தங்குடி கல்லுலயும் டிரில் போட விடாதீங்க, மேல உத்தரம் ஓரமாவே கேபிள் போகும், கேமரா மாட்ட வர்ற பசங்களுக்கு அவசரம்னா எங்க வேணாலும் ஓட்டை போட்டுருவாங்க.

அட்ரஸ் மாத்துறது

ரவுட்டர் வந்ததும் மொதல்ல அட்மின் பாஸ்வேர்ட மாத்தி, ஃபர்ம்வேர அப்டேட் பண்ணி, ரிமோட் மேனேஜ்மென்ட், டபிள்யூபிஎஸ், யூபிஎன்பி மூணையும் ஆஃப் பண்ணிருங்க. யூபிஎன்பி ஆன்ல இருந்தா டிவிஆர் உங்கள கேக்காமலே தனக்குத்தானே போர்ட்ட தொறந்துக்கும்.

அடுத்தது லேன் அட்ரஸ், அதாவது வீட்டுக்குள்ள ஓடுற நெட்டோட நம்பர். 192.168.1ன்னே விட்டுட்டீங்கன்னா, சிங்கப்பூர்ல நீங்க இருக்குற ஃபிளாட்டுலயும் 192.168.1 இருந்தா போன் குழம்பிப் போயி வீட்டு டிவிஆர அந்த ஃபிளாட்டுக்குள்ளயே தேடும். வீட்டுக்கு 192.168.57.1ன்னு ஏதாவது ஆளில்லாத நம்பரா வச்சுக்கங்க. டிவிஆருக்கு 192.168.57.10ன்னு நிரந்தரமா குடுங்க. விபிஎன்னுக்குன்னு தனி வரிசை, 10.57.0.1 ரவுட்டருக்கு, அதுக்கப்புறம் ஒவ்வொரு போனுக்கும் 10.57.0.2, 10.57.0.3ன்னு.

இங்க ஒண்ணு. டிவிஆர் மெனுக்குள்ள போயி நெட்வொர்க் செட்டிங்ல கேட்வேன்னு ஒரு எடம் இருக்கும், அதுல 192.168.57.1 இருக்கணும். மாட்டுனவரு பழைய நம்பர விட்டுட்டு போயிருந்தா வீட்டுக்குள்ளேர்ந்து பாத்தா எல்லாம் ஓடும், விபிஎன்ல வந்தா மட்டும் டிவிஆர் பதில எங்க அனுப்புறதுன்னு தெரியாம முழிக்கும். விபிஎன் சரியில்லன்னு ஆளுங்க திட்டுறதுல பாதி இந்த கேட்வே பஞ்சாயத்துதான்.

வயர்கார்டு போடுறது

லூசில சிஸ்டம், சாஃப்ட்வேர்னு போயி லிஸ்ட அப்டேட் பண்ணிட்டு லூசி-புரோட்டோ-வயர்கார்டுங்கற பேக்கேஜ போடுங்க, கியூஆர் கோடு வரணும்னா கியூஆர்என்கோடுங்கறதையும் சேத்து. ரவுட்டர ரீபூட் பண்ணுங்க.

நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ்ல புதுசா ஒண்ணு ஆட் பண்ணுங்க, பேரு டபிள்யூஜி0ன்னு வைங்க, புரோட்டோகால் வயர்கார்டு. ஜெனரேட் பட்டனை அமுக்குனா சாவி ஜோடி வந்துரும், ஒண்ணு பிரைவேட் ஒண்ணு பப்ளிக், 44 எழுத்து, கடைசில சமக்குறி இருக்கும். லிசன் போர்ட் 51820. ஐபி அட்ரஸ் 10.57.0.1/24. ஃபயர்வால் டேப்ல லேன்ல சேக்காம விபிஎன்னு புதுசா ஒரு ஸோன் போட்டுக்கங்க, காரணம் கீழ வருது.

அப்புறம் பியர்ஸ் டேப். ஒவ்வொரு போனும் ஒரு பியர். புள்ளிக்கு (குடும்பத்துக்கு) ஒரு சாவின்னு கணக்கு வைக்காதீங்க, போனுக்கு ஒரு சாவி, லேப்டாப் இருந்தா அதுக்கு தனி. பேரு எழுதுற எடத்துல "பினாங்கு அண்ணன் போன்"னு தெளிவா எழுதுங்க. அலவுட் ஐபில அந்தந்த போனோட நம்பர், உங்க போனுக்கு 10.57.0.2/32, அடுத்ததுக்கு 10.57.0.3/32ன்னு; ரூட் அலவுட் ஐபிஸ்ங்கறத டிக் பண்ணுங்க. ஒரே ஐபியோ ஒரே சாவியோ ரெண்டு போன்ல போட்டா, ரெண்டும் மாத்தி மாத்தி ஒண்ண ஒண்ணு தள்ளிவிட்டுக்கிட்டே இருக்கும்.

இப்ப ஃபயர்வால். நெட்வொர்க், ஃபயர்வால், டிராஃபிக் ரூல்ஸ்ல ஒரு ரூல்: யூடிபி, சோர்ஸ் வான், டெஸ்டினேஷன் இந்த டிவைஸ், போர்ட் 51820, அக்செப்ட். வெளியேர்ந்து தொறக்கறது இது ஒண்ணுதான். விபிஎன் ஸோனுக்கு இன்புட் ரிஜெக்ட், ஃபார்வர்ட் ரிஜெக்ட், அவுட்புட் அக்செப்ட். அதுக்கு மேல ரெண்டு ரூல்: விபிஎன்லேர்ந்து லேன்ல 192.168.57.10க்கு மட்டும் அக்செப்ட். உங்க போனோட 10.57.0.2லேர்ந்து மட்டும் ரவுட்டருக்குள்ளயே அக்செப்ட். இப்படி பண்ணா பங்காளிங்க எல்லாரும் கேமரா பாக்கலாம், ரவுட்டர் செட்டிங்க நோண்டுறது உங்களால மட்டுந்தான் முடியும். ஒரு வீட்டுக்கு ஏழெட்டு பங்கு இருக்குற எடத்துல இது ரொம்ப அவசியம், யாரோ ஒருத்தர் வீட்டு சின்னப் பையன் போன எடுத்து விளையாடுனாலும் வளவு ஸ்பீக்கரு, பிரிண்டரு, கம்ப்யூட்டரு பக்கம் போக முடியாது.

அட்ரஸ் மாறிக்கிட்டே இருந்தா

ஸ்டாடிக் ஐபி இல்லன்னா ஒவ்வொரு தடவை கரண்ட் போயி வர்றப்பவும் பப்ளிக் ஐபி மாறலாம். அதுக்கு டைனமிக் டிஎன்எஸ், மாறுற ஐபிக்கு மாறாத ஒரு பேரு. டக்டிஎன்எஸ்ல இலவசமா ஒரு பேரு வாங்கிக்கலாம், லூசில டிடிஎன்எஸ் பேக்கேஜ போட்டு அந்த பேரையும் டோக்கனையும் குடுத்துட்டா ரவுட்டரே ஐபி மாறுனா சொல்லிக்கும். பேரு வைக்கிறப்ப குடும்பப் பேரையும் ஊர்ப் பேரையும் சேத்து வைக்காதீங்க, ஆளில்லாத வீடுன்னு நாமளே போர்டு மாட்டுன மாதிரி ஆயிரும். வயர்கார்டு கனெக்ட் ஆகறப்ப ஒரு தடவைதான் அந்த பேர வச்சு ஐபிய தேடும், நடுவுல மாறிருச்சுன்னா போன்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்.

போன்ல ஏத்துறது

பியர்ல கான்ஃபிகரேஷன் ஜெனரேட் பண்ற பட்டன் இருக்கும், அமுக்குனா கியூஆர் வரும். அதுக்கு முன்னாடி எண்ட்பாயின்ட்ல டக்டிஎன்எஸ் பேர குடுங்க, அலவுட் ஐபிஸ்ல 0.0.0.0/0ன்னு இருக்கறத அழிச்சுட்டு 192.168.57.10/32ன்னு போடுங்க. உங்க போனுக்கு மட்டும் 192.168.57.0/24, 10.57.0.0/24 ரெண்டும். டிஎன்எஸ் எடத்த காலியா விடுங்க, ரவுட்டருக்குள்ள வர விடாம ரிஜெக்ட் போட்டிருக்கோம்ல, அங்க போயி டிஎன்எஸ் கேட்டா நெட்டே நின்ன மாதிரி இருக்கும்.

அலவுட் ஐபிங்கற அதே பேரு ரெண்டு பக்கமும் வர்றதுதான் எல்லாரையும் குழப்புது. ரவுட்டர் பக்கத்துல அது இந்த போன் எந்த நம்பர்ல வரும்ங்கறது, போன் பக்கத்துல அது எந்தெந்த நம்பருக்கு போறத டனல் வழியா அனுப்பணும்ங்கறது. 0.0.0.0/0ன்னு விட்டா சிங்கப்பூர்ல நீங்க பாக்குற ஒவ்வொரு வீடியோவும் கானாடுகாத்தான் போயிட்டு வரும், வீட்டு அப்லோட் ஸ்பீடு தாங்காது. ஏர்போர்ட் வைஃபைல பேங்க் வேலை பாக்கணும்னா அதுக்குன்னு உங்க போன்ல ரெண்டாவதா ஒரு ப்ரொஃபைல் வச்சுக்கலாம், அப்ப விபிஎன்லேர்ந்து வானுக்கு ஃபார்வர்டும் குடுக்கணும்.

கியூஆர் கோட பங்காளிங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுறாதீங்க. அதுக்குள்ள பிரைவேட் சாவி இருக்கு, குரூப்ல இருக்குற அத்தனை பேரு கேலரிலயும் போயி உக்காந்துக்கும். நேர்ல இருந்தா ஸ்கிரீன காட்டி ஸ்கேன் பண்ண வச்சுட்டு ரவுட்டர்லேர்ந்து அந்த பியரோட பிரைவேட் சாவிய அழிச்சுருங்க. வெளியூர்ல இருக்காங்கன்னா அவங்களையே வயர்கார்டு ஆப்ல புதுசா டனல் உருவாக்கச் சொல்லி, பப்ளிக் சாவிய மட்டும் அனுப்பச் சொல்லுங்க, அது யாரு கண்ணுல பட்டாலும் ஒண்ணும் ஆகாது.

பெரியவங்களுக்கு சொல்லிக் குடுக்கறப்ப சுருக்கமா முடிச்சுக்கங்க. "தம்பி, இந்த சாவிப் படத்த பாத்துட்டு கேமராவ தொறக்கணும், அம்புட்டுதானே?" "அம்புட்டுதான் ஆச்சி, அது அப்படியே எரிஞ்சுக்கிட்டே இருக்கட்டும், அணைக்க வேணாம்." டிவிஆர் நம்பருக்கு மட்டும் டனல் போட்டதுனால எப்பவும் ஆன்ல விட்டாலும் மத்த ஆப்புக்கு ஒண்ணும் ஆகாது. ஆண்ட்ராய்டு செட்டிங்ல விபிஎன் இல்லாம கனெக்ஷன தடுன்னு ஒண்ணு இருக்கும், அத மட்டும் ஆன் பண்ணிடாதீங்க, வாட்ஸ்அப்பே நின்னுரும். ஆபீஸ் விபிஎன் இருக்குற போன்ல ஒரு நேரத்துல ஒண்ணுதான் ஓடும்ங்கறதையும் முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

ஓடுதான்னு பாக்கறது

போன்ல வைஃபைய அணைச்சுட்டு மொபைல் டேட்டால பாருங்க, வீட்டு வைஃபைல இருந்துக்கிட்டு டெஸ்ட் பண்ணா எதுவும் தெரியாது. ஆப்ல சுவிட்ச் ஆன்ல இருக்கறத வச்சு கனெக்ட் ஆயிருச்சுன்னு நெனைக்காதீங்க, வயர்கார்டுல அந்த சுவிட்ச் எப்பவுமே ஆன் ஆகும். லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்னு நேரம் காட்டுதான்னு பாருங்க, அதான் சாட்சி.

அனுப்புனது ஏறுது, வந்தது பூஜ்யமாவே நிக்குதுன்னா பாக்கெட் வீட்டுக்கே போகல, அல்லது சாவி பொருந்தல: சிஜிநாட், ஓஎன்டி போர்ட், டக்டிஎன்எஸ்ல பழைய ஐபி, இந்த வரிசையில தேடுங்க. ஹேண்ட்ஷேக் இருக்கு டிவிஆர் மட்டும் வரலன்னா ஃபயர்வால் ரூல், இல்லாட்டி மேல சொன்ன கேட்வே. எல்லாம் வருது, ஆனா வீடியோ ஆரம்பிச்சு அப்படியே உறைஞ்சு நிக்குதுன்னா எம்டியூவ (ஒரு பாக்கெட்டோட உச்ச அளவ) பாருங்க, வழக்கமா 1420 இருக்கும், பிபிபிஓஇ லைன்ல 1412 போடுங்க, அப்பவும் நின்னா 1280க்கு எறக்குங்க. போர்ட் தொறந்திருக்கான்னு பாக்குற வெப்சைட்ட வச்சு இத சோதிக்காதீங்க, தெரியாத ஆளுக்கு வயர்கார்டு பதில் சொல்லாதுன்னு சொன்னேன்ல, மூடியிருக்குன்னுதான் காட்டும். சில ஓட்டல் வைஃபைல 51820 போகாது, அடிக்கடி பயணம் போறவங்க லிசன் போர்ட்ட 443 யூடிபின்னு வச்சுக்கிட்டா பெரும்பாலும் தப்பிச்சுரும்.

கேமரா ஆப்ல டிவைஸ ஐபி வச்சு சேக்குற ஆப்ஷன எடுத்து 192.168.57.10ம் பழைய போர்ட் நம்பரும் குடுங்க. மொபைலுக்கு சப்ஸ்ட்ரீம் (தரம் கொறைஞ்ச வீடியோ) வைங்க, எல்லா கேமராவையும் மெயின்ஸ்ட்ரீம்ல ஒண்ணா இழுத்தா அப்லோடு திணறும்.

ரெண்டு மூணு ஊர்லேர்ந்து நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சப்புறம்தான் பழைய போர்ட் ஃபார்வர்டிங்க எல்லாத்தையும் அழிக்கணும், மொதல்லயே அழிச்சுட்டு விபிஎன் ஓடலன்னா வெளியூர்ல உக்காந்துக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அழிக்க மறந்துறாதீங்க, ரெண்டும் இருந்தா விபிஎன் போட்டதுக்கு அர்த்தமே இல்ல. டிவிஆர்ல பி2பி கிளவுடுன்னு இருக்கறதையும் ஆஃப் பண்ணிட்டு, டிவிஆர் பாஸ்வேர்டையும் மாத்திருங்க, மாட்டுனவருக்கும் அவரு கடைப் பையனுக்கும் பழசு தெரியும்.

கரண்ட் போனா

ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு மினி யூபிஎஸ் போடுங்க, ரெண்டு அடாப்டர்லயும் எழுதியிருக்குற வோல்ட், ஆம்பியர பாத்து வாங்கணும், பெரும்பாலும் 12 வோல்ட்தான். பாத்துக்குற அண்ணன்கிட்ட எந்த பொட்டில எந்த லைட்டு எரியணும்னு ஒரு போட்டோ எடுத்து பக்கத்துலயே ஒட்டி வச்சுட்டா போன்ல "அண்ணே, ரெண்டாவது பச்சை லைட்டு எரியுதா"ன்னு கேட்டே பாதி பிரச்சனைய முடிச்சிரலாம்.

சென்னை வீட்டு ரவுட்டரையும் ஊர் வீட்டு ரவுட்டரையும் டனல் போட்டு இணைக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நெறைய ரவுட்டர்ல கடிகார பேட்டரி கிடையாது, கரண்ட் போயி வந்தா பழைய தேதிக்கு போயிரும், வயர்கார்டு பழைய நேரத்துல வர்ற அழைப்ப ஏத்துக்காது. என்டிபி நேரத்த, அதாவது ரவுட்டர் தானா சரி பண்ணிக்கிற நேரத்த, டனலுக்கு வெளிய நேரடியா நெட்லேர்ந்து எடுக்குற மாதிரி இருக்கணும், டனல் வழியா எடுக்கச் சொன்னா நேரம் இல்லாம டனல் வராது, டனல் இல்லாம நேரம் வராது. கூப்பிடுற பக்கம் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25ன்னு போட்டு வைங்க, நடுவுல ஐபிய பங்கு போடுற நாட் (NAT) இந்த இணைப்ப மறந்துறாம இருக்கும்.

கடைசியா சிஸ்டம், பேக்கப்ல ஒரு காப்பி எடுத்து லேப்டாப்ல வைங்க, அதுக்குள்ள ரவுட்டரோட பிரைவேட் சாவி இருக்குறதுனால யாருக்கும் மெயில்ல அனுப்பாதீங்க. யாராவது போன தொலைச்சுட்டா அந்த ஒரு பியர மட்டும் அழிச்சா போதும், மத்தவங்க சாவி எதுவும் மாறாது. படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வர்றப்ப பியர் லிஸ்ட தொறந்து வச்சு, ரொம்ப நாளா ஹேண்ட்ஷேக் இல்லாத பேரு யாரு போன்னு கேட்டு, பழச தூக்கிட்டு புதுசுக்கு அங்கயே ஸ்கேன் போட்டுக் குடுத்துருங்க.